ஆக்சலாட்டல் எப்போது வளரும்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

வெள்ளவத்தையில் ஒரு மீன் தொட்டிக் கடையில் ஆக்சலாட்டல் என்ற நீர்ப்பிராணியைப் பார்த்தோம். கழுத்தின் இரு பக்கமும் இறகு மாதிரிச் செவுள்கள், சிரிக்கிற முகம். கடைக்காரத் தம்பி, "இது குஞ்சு அக்கா, போகப் போகக் கரைக்கு ஏறும்" என்றார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற என் மகள் அதை மறுத்தாள். அது கடைசி வரை இப்படியே இருக்குமாம், வளர்ச்சி பாதியில் நின்றுபோன பிராணியாம். மனிதனும் வளராமல் நின்ற குரங்குதான் என்கிறாள். இப்படிக் குறைபாடுள்ள ஒன்று பரிணாமத்தில் எப்படிப் பிழைத்தது?

– வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

கடைக்காரத் தம்பி சொன்னது பிழை. மகள் சொன்னதில் பாதி சரி. ஆக்சலாட்டல் ஒரு சலமந்தர், அதாவது தவளைக்கு உறவான, வாலுள்ள ஈரூடகவாழி. அது கடைசி வரை செவுளோடு தண்ணீரில்தான் இருக்கும். ஆனால் வளர்ச்சி நின்றுபோன பிராணி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்கிறது, இணை சேர்கிறது, நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. இனப்பெருக்க உறுப்புகள் முழுதாக முதிர்ந்திருக்க, செவுளும் வால்துடுப்பும் மட்டும் குஞ்சுப் பருவத்திலேயே தங்கிவிட்டன. உடலுக்குள் ஒரே கடிகாரம் ஓடுவதில்லை. உறுப்புக்கு உறுப்பு வேறு கடிகாரம், அவற்றில் ஒன்றை மட்டும் மெதுவாக்க முடியும். இதைத்தான் நியோட்டெனி என்கிறார்கள்.

வாற்பேத்தை வால் இழந்து தவளையாவது தைரொயிட் ஓமோனால். ஆக்சலாட்டலுக்கும் அந்தச் சுரப்பி இருக்கிறது, அதைத் தூண்டும் சமிக்ஞைதான் போதாது. ஓமோனை வெளியிலிருந்து கொடுத்தால் செவுள் சுருங்கி, தரையில் நடக்கும் சலமந்தராகிவிடும். 1864இல் மெக்சிக்கோவிலிருந்து பாரிஸுக்கு வந்த ஆக்சலாட்டல்களை ஒகுஸ்த் டியுமெரில் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் வளர்த்தார். அவை முட்டையிட்டன, அப்படியானால் இது முதிர்ந்த விலங்குதான். ஆனால் அடுத்த ஆண்டு அவற்றின் குஞ்சுகளில் சில செவுளை இழந்து வேறு விலங்காக நின்றன! பழைய உருமாற்றம் அழிந்துபோகவில்லை, உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. (மகளுக்கு ஆசை வந்தாலும் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், பிராணிதான் வதைபடும். வாங்குவதாக இருந்தால் இன்னொன்று: அதற்கு 20 பாகை செல்சியசுக்கு மேற்படாத தண்ணீர் வேண்டும். கொழும்புச் சூட்டில் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி இல்லாமல் வளர்ப்பது கொடுமை.)

சரி, ஏன் இப்படி? அதன் ஊர் மெக்சிக்கோ நகரத்தின் சொச்சிமில்கோ ஏரி. அங்கே ஆண்டு முழுவதும் தண்ணீர் இருந்தது, வேட்டையாடும் பெரிய மீன்கள் முன்பு இல்லை. கரையேறி என்ன இலாபம்? ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கில் அதன் உறவுக்கார சலமந்தர் ஒன்று இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. குளம் வற்றத் தொடங்கினால் அது உருமாறி வெளியேறும். தண்ணீர் நிலைத்தால், அவற்றில் பல செவுளோடே பெரிதாகிக் குஞ்சு பொரிக்கும். இதில் குறைபாடு எங்கே இருக்கிறது?

பரிணாமத்துக்கு இது பெரிய வசதி. புதிய உடலுக்குப் புதிய உறுப்புகளைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. குஞ்சின் உடலும் உயிர்வாழத் தகுந்த, ஏற்கெனவே சோதிக்கப்பட்ட உடல்தானே. 2012இல் வெளியான ஓர் ஆய்வு டைனோசர்களின் மண்டையோடுகளைப் பறவைகளுடையதோடு ஒப்பிட்டது. டைனோசர் வளர வளர முகம் நீண்டு, மண்டையோடு பெரிதும் மாறும். பறவையின் மண்டையோடு அவ்வளவு மாறுவதில்லை: பெரிய கண், உப்பிய மூளைப்பெட்டி, குஞ்சு டைனோசரின் சாயல். அடுத்த முறை காலிமுகத்திடலில் காகத்தைப் பார்க்கும்போது அதன் தலையைக் கவனியுங்கள்.

மனிதனைப் பற்றி மகள் சொன்னது லூயி போல்க் என்ற ஒல்லாந்து உடற்கூற்றியலாளர் 1926இல் முன்வைத்த கருத்துக்குக் கிட்ட வருகிறது. சிம்பன்சிக் குட்டியின் தட்டை முகமும் உருண்டைத் தலையும் நம்மை நினைவூட்டுவது உண்மைதான். வளர்ந்தால் அதன் தாடை முன்னே தள்ளிவிடும். ஆனால் நமது நீண்ட கால்கள் இதற்கு நேரெதிர். குழந்தையின் கால்கள் குட்டை, அவை பிறகுதான் நீள்கின்றன. பிறக்கும்போது நமது மூளை வளர்ந்தவரின் மூளையில் 30 வீதத்துக்கும் குறைவு. சிம்பன்சிக்கு அது ஏறத்தாழ 40 வீதம். பிறந்த பிறகும் நம் மூளை வேகமாக வளர்கிறது, மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டும். ஆகவே மனிதன் ஒரு கலவை. சிலது நீடித்த குழந்தைமை, சிலது கூடுதல் வளர்ச்சி. "வளராமல் நின்ற குரங்கு" என்ற ஒற்றை வரியில் அது அடங்காது.

குழந்தைப் பருவப் பண்பு ஒன்று நீடிப்பதற்கு மனிதரிலேயே தெளிவான உதாரணம் வேண்டுமென்றால், பால்தேத்தண்ணியைச் சொல்வேன். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் லக்ரேஸ் நொதியம் பாலூட்டிகளுக்குப் பால்குடி மறந்த பிறகு குறைந்துவிடும். உலகின் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கும் அப்படித்தான். பாலுக்காகக் கால்நடை வளர்த்த சில சமூகங்களில் மட்டும், கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள், அது குறையாமல் தங்கியது. நொதியம் பழையதேதான். அதன் மரபணு எப்போது அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியில் டி.என்.ஏ.யின் ஓர் எழுத்து மாறினாலே போதும். ஐரோப்பாவில் ஒரு மாற்றம், கிழக்கு ஆபிரிக்காவில் வேறு, அராபியாவில் இன்னொன்று என அது தனித்தனியாக நடந்திருக்கிறது.