தங்கம், பிளாட்டினம் இல்லாமல் கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் பயனுள்ள பொருளாக மாற்ற முடியுமா?

முடியும். இந்த வேலையில் செம்புக்கு வரும் வித்தை தங்கத்துக்கு வராது. மின்வேதியியல் படித்த எனக்கு அதில் மிகப் பிடித்த விஷயமே இதுதான்.

1980களில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி, கார்பன் டை ஆக்சைடு கரைந்த பைகார்பனேட் கரைசலில் ஒவ்வொரு உலோகமாக எதிர்மின்வாயில், அதாவது எலக்ட்ரான்களைக் கொடுக்கும் முனையில், வைத்துப் பார்த்தார். தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடு தந்தன. வெள்ளீயம் ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) தந்தது. பிளாட்டினம், நிக்கல், இரும்பு எல்லாம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றியதோடு சரி. செம்பில்தான் மீத்தேன், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீன், கொஞ்சம் எத்தனால்கூட வந்தன.

காரணம், இடையில் உருவாகும் கார்பன் மோனாக்சைடு. தங்கம் அதை உடனே விட்டுவிடும். பிளாட்டினம் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். செம்பின் பிடி நடுத்தரம். அதனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூலக்கூறுகள் கார்பனோடு கார்பனாக இணைய அவகாசம் கிடைக்கிறது.

நிக்கலையும் ஒதுக்கிவிட முடியாது. நைட்ரஜன் கலந்த கார்பனில் தனித்தனி அணுக்களாகப் பதித்தால், செலுத்தும் மின்னோட்டத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடு உண்டாக்கவே போகிறது.

சரி, பிறகு எங்கே இடிக்கிறது? முதலில் மின்சாரம். ஒரு எத்திலீன் மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான்கள் வேண்டும். 3 வோல்ட்டில், ஒரு எலக்ட்ரான்கூட வீணாகாமல் ஓட்டினாலும் ஒரு டன் எத்திலீனுக்குச் சுமார் 34,000 யூனிட் ஆகும். அது நிலக்கரி மின்சாரமாக இருந்தால், 3 டன் கார்பன் டை ஆக்சைடை மாற்றுவதற்காக 30 டன் அளவில் புகைபோக்கி வழியே விடுவோம். சூரிய, காற்று மின்சாரம் இல்லாமல் இதைத் தொடங்குவதில் அர்த்தமே இல்லை.

அடுத்தது எல்லோரும் மறந்துவிடுகிற நேர்மின்வாய், அதாவது தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வெளிவரும் மறுமுனை. காரக் கரைசலில் அங்கே மலிவான நிக்கல் போதும். ஆனால் காரம் கார்பன் டை ஆக்சைடைக் கார்பனேட்டாக விழுங்கிவிடும்: எத்திலீன் தயாரிப்பில் நான்கு பங்கு வாயுவில் மூன்று பங்கு அப்படியே போகலாம். இதைத் தவிர்க்க அமிலத்துக்குப் போனால், நேர்மின்வாயில் தாக்குப்பிடிக்க இரிடியம் என்ற அரிய உலோகம் தேவைப்படுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குக் கிடைக்கும் இரிடியமே 10 டன்னுக்குள்தான். மாங்கனீஸ், கோபால்ட் ஆக்சைடுகளை வைத்து முயல்கிறார்கள். அவை அமிலத்தில் மெல்ல மெல்லக் கரைவதுதான் தொல்லை. இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களிடம் நான் சொல்வது, செம்புக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள், நேர்மின்வாய்ப் பக்கம் வாருங்கள் என்றுதான்.