கேள்வி–பதில்: பூட்டிக் கிடக்கும் மனநல மருத்துவமனையில் படம் எடுப்பது

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: கைவிடப்பட்ட மனநல மருத்துவமனைக் கட்டடத்தைப் படம் எடுக்க ஆசை. வேலியில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது. நுழையலாமா?

கூடாது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் நுழைவது தென்னாப்பிரிக்காவின் 1959ஆம் ஆண்டு அத்துமீறல் சட்டப்படி குற்றம். அரசு மருத்துவமனை என்றால் மாகாணச் சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், படம் எதற்கு என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். 'கைவிடப்பட்டது' என்று ஊர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே வளாகத்தில் ஒரு கட்டடம் காலியாகவும் அடுத்ததில் நோயாளிகளும் இருப்பது உண்டு. உங்கள் ஊர் ஃபோர்ட் நேப்பியர் 1843இல் எழுந்த படைக்கோட்டை; இன்றும் மனநல மருத்துவமனையாக நடக்கிறது. ஞாபகத்துக்கென்று கைப்பிடியையோ ஓடுகளையோ கழற்றாதீர்கள். 60 வயது தாண்டிய கட்டடத்தில் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்வதே தனிக் குற்றம்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: பேய் பயமெல்லாம் இல்லை. வேறு என்ன ஆபத்து? மாஸ்க் போதுமா?

பேயைவிடத் தரை மோசம். கூரை ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே பலகை உள்ளுக்குள் உளுத்திருக்கும், மேலே பெயிண்ட் மட்டும் நன்றாக இருக்கும். பலகையில் ஆணித்தலைகள் வரிசையாகத் தெரிகிறதா? அந்த வரிசைக்கு அடியில்தான் தாங்குகட்டை ஓடுகிறது. சுவரோரமாக, அந்த வரிசைமேலேயே நடங்கள். ஒவ்வோர் அடிக்கும் முன் ட்ரைபாட் காலால் குத்திப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி. மெத்தென்று உள்வாங்கினால் வந்த வழியே திரும்புங்கள். முற்றத்தில் சாக்கடை மூடிகளைப் பழைய இரும்புக்கு விற்றிருப்பார்கள், குழியைப் புல் மூடியிருக்கும்.

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ்: மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார். நம் நாட்டில் அதற்குத் தடை வந்ததே 2008இல்தான். கூரை, சீலிங், வெந்நீர்க் குழாய்மேல் சுற்றிய உறை என எங்கும் இருக்கலாம். துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் இரண்டும் அந்த நாரைத் தடுக்காது. நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 வகை மாஸ்க் வேண்டும், தாடி வைத்தவர் முகத்தில் அதுவும் ஒட்டி உட்காராது. குழாய் உறை கிழிந்து தொங்கும் அறைக்கு மாஸ்க்கோடும் போகாதீர்கள்.

நம் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் விஷத்தைத் துப்பும் நாகமும் உண்டு. விஷம் இரண்டு மூன்று மீட்டர் பாயும், குறி கண்தான். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல் 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டர்பன் வாசகர்: வார்டுக்குள் எடுத்த படம் ஆடுகிறது, ஜன்னலோ வெறும் வெள்ளை. ஏன்?

ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/8, கேமரா பதப்படுத்தாத ரா ஃபைல். ட்ரைபாடில் வைத்ததும் ஆட்டம் தடுக்கும் ஸ்டெபிலைசரை அணையுங்கள்; 2 விநாடி டைமர் போடுங்கள். இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி) இடைவெளியில் ஐந்து படம் எடுத்துச் சேர்த்தால் ஜன்னலும் மூலையும் இரண்டுமே கிடைக்கும். ஷட்டர் திறந்திருக்கும்போது அசையாமல் நில்லுங்கள்: மரத்தரையில் நீங்கள் எடை மாற்றினாலே ட்ரைபாட் ஆடும். முக்கால்வாசி மங்கல் படங்களுக்கு அதுதான் காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் டர்பன் ஈரக்காற்றில் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: நோயாளிகளின் ஃபைல்கள் சிதறிக் கிடந்தால் எடுக்கலாமா?

பெயர் படிக்கும்படி வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டப்படி நோயாளி விவரம் ரகசியம். அவருடைய பேரப்பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அடுக்கின் தோற்றம் மட்டும் வேண்டுமென்றால் எஃப்/2.8க்குத் திறந்து, முன்னால் இருக்கும் கட்டில் கம்பியில் ஃபோகஸ் வையுங்கள், எழுத்து கரைந்துவிடும்.