புது ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை நூறு மணி நேரம் ஓட்டினால்தான் நன்றாக ஒலிக்குமா?

தேவையில்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் முதல் நாளே அதன் முழு ஒலியும் கிடைத்துவிடும்.

சூடாவது வேறு விஷயம். பரவலான ஏபி வகை சர்க்யூட் உள்ள ஆம்ப்பை ஆன் செய்ததும், சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க் சில்லென்று இருக்கும். அரை மணி நேரம் கழித்துத் தொட்டால் இதமான சூடு தெரியும். அதற்குள் அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் பயஸ் மின்னோட்டம் (பாட்டு ஓடாதபோதும் அவற்றில் ஓடும் சிறு மின்னோட்டம்) நிலைப்பட்டுவிடும். ஆனால் இது ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் நடப்பது, பழைய ஆம்ப்பிலும்தான். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வு ஆம்ப்பில் புது வால்வுகள் நிலைப்படக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஸ்பீக்கரில், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோனைத் தாங்கும் பகுதி ஓட ஓடத் தளரும். அது அளந்தால் தெரிகிற மாற்றம்.

சரி, இரண்டு வாரத்தில் ஒலி மெருகேறியதாகத் தோன்றுகிறதே? பழகியது உங்கள் காது. வால்யூமும் ஏமாற்றும்: அரை டெசிபல் கூடினால் சத்தம் கூடியதாகத் தெரியாது, தெளிவு கூடியதாகவே தெரியும்.

அதனால் ஒலி பிடிக்கவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஆனால் திருப்பிக் கொடுக்கும் முன் ஸ்பீக்கர் வயர்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் பேஸ் மெலிந்துவிடும், பாடகரின் குரலும் நடுவில் நிற்காது.