ஜிம்னாஸ்டிக்ஸ் கேள்வி-பதில்: பொம்மலைப் பழிக்காதீர்கள்

கே: ஆண்களுக்கு எத்தனை கருவிகள்? வரிசை உண்டா?

ஆறு. ஃப்ளோர் (தரை), பொம்மல் (கைப்பிடி வைத்த 'குதிரை'), ரிங்ஸ் (தொங்கும் வளையங்கள்), வால்ட் (ஓடி வந்து தாண்டும் மேசை), பேரலல் பார்ஸ் (இணைக் கம்பிகள்), ஹை பார் (உயரக் கம்பி). ஒலிம்பிக் வரிசை இதுதான். அதற்காக எல்லா அணியும் ஃப்ளோரில்தான் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு கருவியில் தொடங்கிச் சுற்றி வரும்.

கே: ஆண்கள் ஃப்ளோரில் ஏன் பாட்டு இல்லை?

விதியில் இல்லை. பாட்டு பெண்கள் பிரிவுக்கு.

கே: இப்போதெல்லாம் யாருக்கும் 10க்கு 10 வருவதில்லையே, தரம் குறைந்துவிட்டதா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. 2006லேயே முறை மாறிவிட்டது. டி மதிப்பெண் கடினத்துக்கு. அதற்கு உச்சவரம்பு கிடையாது. இ மதிப்பெண் செய்நேர்த்திக்கு. 10ல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள். இரண்டையும் கூட்டித்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் பேரலல் பார்ஸில் சீனாவின் ஸோ ஜிங்யுவானுக்கு 16.200 வந்தது. இறங்கும்போது சின்ன எட்டு வைத்தால் 0.1 போச்சு, பெரிய எட்டு 0.3, விழுந்தால் முழுசாக 1. எப்போதும் சொல்வதுதான்: காற்றில் அடிக்கும் பல்டியைப் பார்த்து மயங்காதீர்கள், இறங்கும் காலைப் பாருங்கள்.

கே: டோக்கியோ ஒலிம்பிக் ஃப்ளோரில் இரண்டு பேருக்கும் 14.933. தங்கம் ஏன் ஒருவருக்கு மட்டும்?

தங்கம் வாங்கிய இஸ்ரேலின் டோல்கோப்யாட்டின் டி 6.6, ஸ்பெயினின் ஸபாடாவின் டி 6.5. அவ்வளவுதான். 2012 லண்டன் பொம்மலில் ஹங்கேரியின் பெர்கியும் பிரிட்டனின் லூயிஸ் ஸ்மித்தும் இப்படித்தான் சமமாக நின்றார்கள். அங்கே இ அதிகமாக இருந்த பெர்கிக்குத் தங்கம். ஒரு போட்டியின் விதியை வைத்து இன்னொரு போட்டியின் முடிவோடு சண்டை போடாதீர்கள்.

கே: நண்பனின் ஹை பார் கிரிப்பைப் போட்டுக்கொண்டு ரிங்ஸ் செய்யலாமா?

கூடாது. கிரிப் என்பது கையில் மாட்டும் தோல் பட்டை. ஹை பார் கிரிப்பில் மூன்று விரலுக்கு ஓட்டை, ரிங்ஸ் கிரிப்பில் இரண்டு. எது எதற்கு என்று கேட்காமலே மாட்டிக்கொள்வீர்களா? அடுத்தவன் கையளவுக்குத் தளர்ந்துபோன தோல், சுழலும்போது கம்பியில் மடங்கிப் பூட்டிக்கொண்டால் உடம்பு சுற்றும், மணிக்கட்டு நின்றுவிடும். எலும்பு முறியும்.

கே: பொம்மல் ஹார்ஸ் ஒரே அலுப்பு. சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எடுத்துவிட்டால் என்ன?

இதே ரீதியில் மூன்று கடிதங்கள். மூன்று பேரும் ஒரு காரியம் செய்யுங்கள். சோபாவின் கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி, இரண்டு காலையும் தூக்கிப் பத்து விநாடி நில்லுங்கள். அப்புறம் பேசலாம்.

குதிரை ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிக நீளம், ஒரு முழத்துக்கும் குறைவான அகலம். இரு முனை, நடுப்பகுதி என்று மூன்று இடத்தையும் பயன்படுத்தியாக வேண்டும். கையைத் தவிர எதுவும் படக்கூடாது. எங்கும் நிற்கக்கூடாது. ரிங்ஸில் இரண்டு விநாடி நிலைத்து நிற்பதாவது உண்டு, இங்கே மூச்சு விட இடமே கிடையாது. கால் ஒரு பக்கம் போகும்போது முழு எடையும் ஒற்றைக் கையில். அடுத்த கணம் மற்றக் கைக்கு. கைமாறுவதைப் பார்த்தால் உங்களுக்குத் தாளம் பிடிபடும், காலையே பார்த்தால் அலுப்புதான். நானும் காளான் என்று நாங்கள் சொல்லும் உருண்டை மேடையில் சுற்றி மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டவன், அதனால்தான் கோபம்.

அயர்லாந்தின் மெக்ளெனஹன் டோக்கியோ இறுதியில் கை பிசகி விழுந்து ஏழாவது இடம். அதே ஆள் பாரிஸில் 15.533 எடுத்துத் தங்கம் வாங்கினார். பாரிஸ் அணிப் போட்டியில் அமெரிக்காவின் நெடோரோசிக் மூன்று மணி நேரம் போல உட்கார்ந்தே இருந்து, கடைசி ஆளாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். பொம்மல் மட்டுமே அவர் வேலை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, 2008க்குப் பிறகு அமெரிக்க ஆண்கள் அணிக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வந்துவிட்டது. எடுத்துவிட வேண்டுமாம்!

கே: ஹை பாரில் கோச் தூக்கி விடுகிறாரே, மதிப்பெண் குறையாதா?

குறையாது. கம்பி 2.8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எட்ட வேண்டாமா? ஆரம்பித்த பிறகு தொட்டு உதவினால்தான் மார்க் போகும்.

கே: வீட்டுக் கூரைக் கொக்கியில் ரிங்ஸ் மாட்டலாமா?

அந்தக் கொக்கி ஃபேனுக்கு. ஃபேனையே மாட்டுங்கள்.