ஸ்லிங்கில் கட்டினால் பிள்ளையின் கால் வளையுமா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெண் குழந்தை, பத்து வாரம், சிசேரியன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அழத் தொடங்கினால் ஒன்பது வரை நிற்பதில்லை, தோளில் போட்டு நடந்தால் மட்டும் அடங்குகிறாள், கீழே கிடத்தினால் மறுபடி முதலிலிருந்து. கல்ஃபிலிருந்து வந்த நாத்தனார், பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிச் சுமக்கிற, இரண்டு வளையம் கோத்த துணி ஸ்லிங் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்த மாமியார், "பிள்ளைய இப்பிடிக் கெட்டிப் போட்டா காலு வளஞ்சி போவும்" என்று சொல்லிவிட்டாராம். கட்டலாமா, அதில் என்ன பலன், கட்டிக்கொண்டு சமைக்கலாமா, பைக்கில் மார்த்தாண்டம் போகலாமா என்று கேட்கிறார்.

கட்டலாம், கால் வளையாது. குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட்டாக நான் அதிகம் கேட்கும் கேள்வியே இதுதான். பிறந்த பிள்ளைக்குக் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், வயிற்றுக்குள் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்த கால் அது, நடக்கப் பழகி இரண்டு வயது ஆவதற்குள் பெரும்பாலும் தானே நேராகிவிடும். கவனிக்க வேண்டியது இடுப்பு மூட்டை. இந்த வயதில் அந்த மூட்டின் கிண்ணம் இன்னும் நிறைய குருத்தெலும்புதான், தொடை எலும்பின் உருண்டை அதில் சரியாக உட்காரக் கால் மடங்கி, அகன்று, தவளை மாதிரி இருக்க வேண்டும். ஜப்பானில் 1975 வாக்கில், பச்சைப் பிள்ளைகளின் காலை நீட்டி வைத்துத் துணி சுற்றாதீர்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார்கள், அதற்குப் பிறகு இடுப்பு மூட்டு விலகல் அங்கே வெகுவாகக் குறைந்தது. மாமியாரிடம் ஒன்று கேளுங்கள், அவர் தன் பிள்ளைகளை ஒக்கலில் வைத்துத்தானே வளர்த்தார்? ஒக்கலில் இருக்கும் பிள்ளையின் கால் எப்படி இருக்குமோ அப்படித்தான் ஸ்லிங்கிலும் இருக்க வேண்டும். முட்டி பிட்டத்தைவிட உயரத்தில், துணி ஒரு முழங்கால் மடக்கிலிருந்து மறு முழங்கால் மடக்கு வரை. (உண்மையில் எனக்குப் பயம், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து இழுத்து விடுகிறார்களே, அதுதான். அதை நிறுத்தச் சொல்லுங்கள்.)

அழுகை விஷயம். 1986-இல் கனடாவின் மான்ட்ரியலில் 99 தாய்மார்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரை, அழாத நேரத்திலும் சேர்த்து, தினம் குறைந்தது மூன்று மணி நேரம் கூடுதலாகப் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தப் பிள்ளைகளின் அழுகை மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவு, மாலை நேர அழுகை 51 சதவீதம் குறைவு. ஆனால் அவர்கள் மூன்றாவது வாரத்திலேயே தொடங்கிவிட்டார்கள். ஏற்கெனவே விடாமல் அழும் பிள்ளைகளுக்கு இதே முறையைப் பிறகு முயன்றபோது அவ்வளவு பலன் தெரியவில்லை. அதனால் நாளைக்கே பாதியாகக் குறையும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். இந்த அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே தணிவது. அதுவரை உங்கள் கையும் முதுகும் தாங்க வேண்டுமே, அதற்குத்தான் ஸ்லிங். காய்ச்சல் அடித்தாலோ பால் குடிக்காவிட்டாலோ மட்டும் ஸ்லிங், நடை எதையும் நம்பாமல் டாக்டரிடம் போங்கள்.

கிடத்தினால் எழுந்துவிடுகிறாள் என்றீர்கள். ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையத்தார் 2022-இல் இதைப் பார்த்தார்கள். அழும் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடங்கள், தூங்கியதும் உடனே தொட்டிலில் போடாமல், அப்படியே உட்கார்ந்து ஐந்து முதல் எட்டு நிமிடம் வைத்திருந்து, அப்புறம் கிடத்துங்கள். நம் பாட்டிமார் கடிகாரம் பார்க்காமல் செய்ததுதான்.

குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த பிள்ளைகளுக்கு இந்த நெருக்கம் மருந்து மாதிரி. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியதுதான் கங்காரு பராமரிப்பு. தோலோடு தோல் ஒட்டி, நாளில் 8 முதல் 24 மணி நேரம் வைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மருத்துவமனையில் கற்றுக்கொண்டு செய்வது, கடையில் வாங்கிய ஸ்லிங்கில் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

இனி கட்டும் விதம், தவறு நடப்பது இங்கேதான். என் மூத்தவன் இரண்டு மாதமாக இருந்தபோது அம்மாவின் பருத்திச் சேலையில் அவனைக் கட்டிக்கொண்டு வடசேரி சந்தைக்குப் போனேன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. நடக்க நடக்கத் துணி தளர்ந்து அவன் கீழே சரிந்திருக்கிறான், எனக்குத் தெரியவில்லை. மீன் விற்கும் ஒரு அம்மாதான், "மக்களே, பிள்ளைக்க மூஞ்சி எங்க?" என்றார். விலக்கிப் பார்த்தால் தாடை நெஞ்சில் அழுந்தி, மூக்கு துணிக்குள், மூச்சு கொர் கொர் என்று. நான்கு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, இப்படி மடங்கினால் சத்தமே இல்லாமல் மூச்சு அடைபடும். அதனால் நிமிர்த்தி, இறுக்கி, நீங்கள் குனிந்தால் அவள் உச்சந்தலையில் முத்தமிட முடிகிற உயரத்தில் கட்டுங்கள். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே எப்போதும் ஒரு விரல் நுழைய வேண்டும். வளையம் உங்கள் காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கட்டும், துணியின் மேல் ஓரத்தைத் தனியாக இழுத்து இறுக்குங்கள். ஸ்லிங்கிலேயே பால் கொடுத்தால், குடித்து முடித்ததும் மறுபடி மேலே ஏற்றிவிட வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒற்றை மடிப்புப் பருத்தி போதும், அவளுக்கு உள்ளே ஒரு மெல்லிய சட்டை. பிடரியில் வேர்த்திருந்தால் அவிழ்த்துவிடுங்கள். மழை பெய்தால் குடை பிடியுங்கள், துணியை இழுத்து முகத்தை மூட வேண்டாம். தையல் போட்ட இடத்தில் துணி அழுத்தாமல், முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் கட்டிப் பாருங்கள். காயம் ஆறிவிட்டதா என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சமையல் வேண்டாம். துணி காயப்போடலாம், முற்றத்தில் உலாவலாம், ஆனால் அடுப்பு, கஞ்சித் தண்ணீர், தேங்காய் திருவுவது எதுவும் அவள் உங்கள் நெஞ்சில் இருக்கும்போது கூடாது. பைக் கூடவே கூடாது, ஸ்லிங் விபத்தில் தாங்காது. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் மத்திய அரசு விதி போட்டது. ஒன்பது மாதத்திலிருந்து தலைக்கவசமும் கட்டாயம். பத்து வாரத் தலைக்கு எந்தக் கவசமும் கிடையாது. மார்த்தாண்டத்துக்குத்தான் பஸ் இருக்கிறதே, உட்கார இடம் கிடைக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.