இணையத்தில் படித்த மருத்துவச் செய்தியை எவ்வளவு நம்புவது? கேள்வி பதில்

மருத்துவ நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நான் மருத்துவர் அல்ல. எந்த மாத்திரை சாப்பிடலாம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடைக்காது. ஒரு தகவல் எங்கிருந்து கிளம்பியது என்று தோண்டிப் பார்ப்பதுதான் என் தொழில். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துவிடலாம் என்று என் மாமா குடும்பக் குழுவில் அனுப்பியிருக்கிறார். உண்மையா? பெரியவர், மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது.

முழுப் பொய் என்றால் இந்தச் செய்தி எப்போதோ செத்திருக்கும். ஒரு துளி உண்மை கலந்திருப்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 1976இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. இதய ரத்தக் குழாய்களைப் பரிசோதிக்கும் கூடத்தில், மேசையில் படுத்திருந்த நோயாளிகளின் இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறானபோது அவர்களை விடாமல் இருமச் சொன்னார்கள். இருமும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் அழுத்தம் ரத்தத்தைக் கொஞ்சம் தள்ளியதால், சிறிது நேரம் அவர்களுக்கு நினைவு தப்பவில்லை.

அந்த அறையை நினைத்துப் பாருங்கள். மானிட்டர் ஓடுகிறது, மருத்துவர் அருகிலேயே நிற்கிறார், மின் அதிர்ச்சி தரும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செய்தி கைமாறிக் கைமாறி வந்ததில் அறையும் மருத்துவரும் கருவியும் உதிர்ந்துபோய், இருமல் மட்டும் மிஞ்சிவிட்டது. தவிர, மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும்; அங்கே இருமலுக்கு வேலையே இல்லை. பொதுமக்கள் இப்படிச் செய்வதை அமெரிக்க இதயச் சங்கம் ஏற்கவில்லை.

குழுவில் வைத்து மாமாவைத் திருத்த வேண்டாம். தனியாகப் பேசுங்கள். “மாமா, அது ஆஸ்பத்திரி மேசையில் செய்தது. நெஞ்சு வலித்தால் நீங்கள் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்” என்று சொன்னால் போதும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் நல்ல தளங்களின் பெயரைச் சொல்லுங்கள்.

நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள மெட்லைன்பிளஸ். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, விளம்பரம் கிடையாது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் நடத்தும் தளமும் நன்றாக இருக்கும். ஒரு சிகிச்சை உண்மையிலேயே பயன் தருகிறதா என்று பார்க்கக் காக்ரேன். ஒரே கேள்வியைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டு, எளிய மொழியில் சுருக்கமும் தருகிறார்கள். கூகுளில் தேடினால் உச்சியில் நிற்பது பணம் கொடுத்து இடம்பிடித்த விளம்பரமாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் படிக்கும் தளத்தில் ‘ஹான்கோட்’ என்ற தரமுத்திரை இருக்கிறது. போதாதா?

போதாது. அந்த முத்திரையைக் கொடுத்துவந்த ஜெனீவா அமைப்பு 2022ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டுவிட்டது. இன்னும் அதைக் காட்டிக்கொண்டிருக்கும் தளம், தன் பக்கத்தைப் பல ஆண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று தானே ஒப்புக்கொள்கிறது.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும், புகையிலையும் அதே பட்டியலில் இருக்கிறது என்று படித்துப் பயந்துவிட்டேன்.

எண் சரி, படித்த விதத்தில்தான் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்னது இது: தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும். எதிலிருந்து 18 சதவீதம் என்று கேட்க வேண்டும். நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ ஆறு பேராகும். நூற்றில் 18 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. இறைச்சியும் புகையிலையும் சேர்ந்திருக்கும் அந்த முகமையின் பட்டியலைப் பொறுத்தவரை, சான்று எவ்வளவு உறுதியானது என்பதை வைத்துப் பிரித்த பட்டியல் அது. எது எவ்வளவு ஆபத்து என்பதை அது அளக்கவில்லை. பத்திரிகைத் தலைப்புகள் இதை வேண்டுமென்றே குழப்புகின்றன என்பது என் சந்தேகம்.

கேள்வி: பப்மெட்டில் இருக்கும் கட்டுரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் அல்லவா?

பப்மெட் என்பது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் ஒரு நூலக அட்டவணை, அவ்வளவுதான். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதியது, இன்றும் அதில் இருக்கிறது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது. அந்தக் குறிப்பைத் தேடிப் பாருங்கள். ஆய்வு நடந்தது மனிதரிடமா எலியிடமா என்றும் பாருங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். ஆதாரக் கட்டுரைகளோடு பதில் தந்தது.

அந்தக் கட்டுரைகளின் தலைப்பை ஒவ்வொன்றாகப் பப்மெட்டில் போட்டுத் தேடினீர்களா? எங்கள் நூலகத்துக்கு ஒரு மாணவர் இப்படி ஒரு பட்டியலோடு வந்தார். இதழின் பெயர் உண்மை, ஆண்டு பொருந்தியது, தொகுதி எண்ணும் சரி. அந்தப் பக்கத்தைத் திறந்தால் சிறுநீரகக் கல் பற்றிய வேறொரு கட்டுரை. அவர் கேட்டிருந்ததோ ஒற்றைத் தலைவலி.

கேள்வி: இணையத்தில் படித்ததை எடுத்துப்போனால் மருத்துவர் எரிச்சல்படுகிறார்.

இருபது பக்கம் அச்செடுத்துப் போனால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஒரே பக்கம் எடுத்துப் போங்கள். எந்தத் தளம், எந்தத் தேதி என்பது அதில் தெரிய வேண்டும். சந்தேகமான வரியை அடிக்கோடிட்டு, “இது எனக்குப் பொருந்துமா டாக்டர்?” என்று கேளுங்கள்.