ஊசி போட்ட மூன்றாம் நாள் வாசனை போய்விட்டது: தடுப்பூசியால் நோய் முற்றுமா?

கேள்வி: எனக்கு வயது 52. சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். 2021 ஜூன் தொடக்கத்தில் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோவேக்சின் கொரோனா தடுப்பூசி முதல் டோஸ் போட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி காய்ச்சல் வந்து மறுநாள் விட்டது. மூன்றாம் நாள் தொண்டை வலி, காபி வாசனைகூடத் தெரியவில்லை. ஆர்டிபிசிஆர் என்ற கொரோனா பரிசோதனை எடுத்ததில் பாசிட்டிவ். உடம்பில் கிருமி இருந்தபோதே ஊசி போட்டதால் நோய் முற்றிவிடுமா? இரண்டாவது டோஸ் எப்போது?

பதில்: முற்றாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

கோவேக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதனால் நோயைத் தரவும் முடியாது, பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டவும் முடியாது. இன்னொரு கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டு வேறு வகை, ஆனால் அதனாலும் இவை முடியாது. கிருமி உள்ளே நுழைந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம், பலருக்கு ஐந்து நாள் அளவில் தெரியும். ஆகவே நீங்கள் வரிசையில் நின்றபோதே தொற்று உங்களிடம் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அறிகுறியே இல்லாமல் இப்படி ஊசி போட்டுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க ஏராளம். அதனால் அவர்களுக்கு நோய் கடுமையானதாகத் தெரியவரவில்லை. ஊசிக்கு முன் பரிசோதனை தேவையில்லை என்று மத்திய அரசு 2021 மே 19 அன்றே சொல்லிவிட்டது. ஆனால் ஒன்று, ஊசி வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் வேண்டும். இந்த முறை அது உங்களைக் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள்.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மயங்கி விழுந்து, 17ஆம் தேதி இறந்துபோனார். அதிலிருந்து சென்னையில் எது நடந்தாலும் பழி ஊசி மேல்தான். அவருக்கு இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று மருத்துவர்கள் அன்றே விளக்கியும் பலர் காதில் அது ஏறவில்லை.

இதைவிட ஆபத்தானது நேர் எதிரான தப்பு. எது வந்தாலும் 'ஊசிக் காய்ச்சல்தான்' என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஊசியால் வரும் காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். இருமல், தொண்டை வலி, மூக்கில் நீர், வாசனை இழப்பு, இவை ஊசியால் வருபவை அல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும், காய்ச்சல் 48 மணி நேரம் தாண்டினாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நீங்கள் எடுத்தது சரி.

அப்புறம், பரிசோதனைப் பேக்கேஜ் விற்பவர்களிடம் உஷாராக இருங்கள். ஊசி போட்டபின் பாசிட்டிவ் ஆனவர் என்றால் இவர்களுக்குக் கொண்டாட்டம். சிடி ஸ்கேன், டி-டைமர், சிஆர்பி என்ற ரத்தச் சோதனைகள், ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) சோதனை எல்லாம் சேர்த்து ஒரு விலை பேசி, மாதிரி எடுக்க வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள். போன வாரம் ஒருவர் ஃபைல் நிறைய ரசீதோடு வந்தார். மேலே ஆன்டிபாடி ரிப்போர்ட், அதில் பாசிட்டிவ் என்பதைச் சுற்றிப் பேனாவால் வட்டம். 'எதிர்ப்பு சக்தி வந்துடுச்சுன்னு லேப்ல சொன்னாங்க டாக்டர், இனி மாஸ்க் வேண்டாமே?' என்கிறார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. 2021இல் ஆர்டிபிசிஆருக்குத் தனியாரில் அரசு வைத்த விலை 900 ரூபாயாக இருந்தது, வீட்டுக்கு வந்தால் 300 கூடுதல். மாநகராட்சி காய்ச்சல் முகாமில் இலவசமாக எடுத்தார்கள். மற்ற சோதனைகள் உங்களைப் பார்க்கிற மருத்துவர் எழுதினால் மட்டும் போதும். கமிஷனுக்கு அலைகிற ஆள் எழுதக் கூடாது.

இரண்டாவது டோஸ் விஷயத்தில்தான் நீங்கள் சிக்கலில் மாட்டுவீர்கள், நிதானமாகப் படியுங்கள். 2021இல் இருந்த விதிப்படி கோவேக்சினுக்கு இடைவெளி 4 முதல் 6 வாரம். ஆனால் முதல் டோஸுக்குப் பின் தொற்று வந்தால், அதே விதிப்படி குணமாகி மூன்று மாதம் கழித்துத்தான் இரண்டாவது டோஸ். கணக்கு ஊசி போட்ட தேதியிலிருந்து இல்லை, பாசிட்டிவ் வந்த தேதியிலிருந்தும் இல்லை, குணமான நாளிலிருந்து. நீங்கள் ஜூன் கடைசியில் குணமானால் செப்டம்பர் கடைசியில் போடலாம். கோவிஷீல்டு போட்டவருக்கு இந்தக் குழப்பம் குறைவு, அதன் இடைவெளியே அப்போது 12 முதல் 16 வாரம். உங்களுக்கோ நாலாவது வாரம் முடிந்ததுமே 'இரண்டாவது டோஸ் நிலுவை' என்று அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினிலிருந்து எஸ்எம்எஸ் வரும். பதறி ஓடாதீர்கள். தள்ளிப்போனதால் முதல் டோஸ் வீணாகாது, மறுபடி முதலிலிருந்து போடவும் வேண்டாம்.

உங்கள் பாசிட்டிவ் முடிவு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தளத்தில் இருக்கிறது, ஊசி விவரம் கோவினில் இருக்கிறது, இரண்டிலும் இருப்பது உங்கள் செல்போன் எண்தான். இரண்டையும் இணைத்து அந்த எஸ்எம்எஸ்ஸை நிறுத்த இவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கு ஏன் முடியவில்லை? ஊசி மையத்தில் ஆதாரைப் பார்த்தார்கள், 'தொண்டை வலி இருக்கா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா' என்று கேட்க நாதியில்லை. அந்த நெரிசலில் பக்கத்தில் நின்றவருக்குத்தான் உங்களால் உண்மையான ஆபத்து.

அதனால் வீட்டில் இருப்பவர்கள் 'நாமும் போட்டுவிடலாம்' என்று இப்போது மையத்துக்குப் போக வேண்டாம். தனிமை முடிந்து, அறிகுறி இல்லையென்றால் போகட்டும். நீங்கள் தொண்டை வலி தொடங்கிய நாளை ஒன்றாம் நாள் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை ஆக்சிமீட்டரில் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) காலை, மதியம், இரவு பாருங்கள். ஆறு நிமிடம் அறைக்குள் நடந்துவிட்டும் ஒரு தடவை பாருங்கள். 94 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அரசு மருத்துவ உதவி எண் 104க்குப் பேசுங்கள், ரொம்ப முடியவில்லை என்றால் நேராக 108.